காற்றாலை முதலீடு: திருநெல்வேலிச் சீமை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வள்ளியூர் வாசகர்: அண்ணாச்சி, ஆடிக் காற்று இத்தனை வேகமாக வீசும்போதும் சில காற்றாலைகள் நிற்கின்றனவே, ஏன்?

பழுதாகி நிற்பவை சில. நிறுத்தச் சொல்லி நிற்பவை சில. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில்தான் ஆண்டு உற்பத்தியின் பெரும்பங்கு கிடைக்கிறது. அந்த மின்சாரம் முழுவதையும் கொண்டுசெல்லக் கம்பித்தடம் போதாத நாள்களிலும், தேவை குறைந்து, அனல் நிலையங்களையும் ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாத நேரங்களிலும், காற்றாலைக்குத்தான் முதலில் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால், மின்தொகுப்பின், அதாவது மின்சாரம் கடத்தும் கம்பி வலையின், பாதுகாப்புக்கு ஆபத்து இருந்தாலொழிய நிறுத்தக்கூடாது என்பது விதி. கயத்தாறு, கானார்பட்டி 400 கிலோவோல்ட் துணை மின் நிலையங்கள் வந்தபின் நெருக்கடி தணிந்தது உண்மைதான். இருந்தாலும், நிறுத்திய மணிநேரங்களுக்கு இழப்பீடு உண்டா என்பதை மின்சாரம் விற்கும் ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

சங்கரன்கோவில் நூற்பாலை உரிமையாளர்: முன்பு காற்றாலை வாங்கியவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். நான் இப்போது வாங்கலாமா?

அவர்கள் சம்பாதித்ததற்குக் காற்று மட்டும் காரணமன்று. ஆடியில் உற்பத்தியான யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் சேமித்துவைத்து, காற்றில்லாத மாசியில் ஆலைக்கு எடுத்துக்கொள்ளும் ஓராண்டு வசதி அவர்களுக்கு இருந்தது. 2018 மார்ச்சுக்குப் பின் நிறுவியவற்றுக்கு அது அதே வடிவில் கிடைக்கவில்லை. காற்றாலை விலையின் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளும் 80 விழுக்காடு தேய்மானச் சலுகை 2012இல் நீக்கப்பட்டு, 2014இல் திரும்ப வந்து, 2017இல் 40 விழுக்காடாகக் குறைந்தது. நாடு முழுவதும் 2011-12இல் ஏறத்தாழ 3,200 மெகாவாட் நிறுவப்பட்டிருக்க, சலுகை போன அடுத்த ஆண்டில் அது சுமார் 1,700 ஆகச் சரிந்தது. காற்றாலை இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஓடக்கூடிய சொத்து. அதை வாங்கத் தூண்டும் விதியோ இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. என் கருத்தில், இங்கே முதலீட்டுக்குப் பெரிய தடை இதுவே. தாங்கள் வாங்குவதானால், இன்றைய விதியை மட்டும் வைத்து, எந்தச் சலுகையும் இல்லாமல் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பணகுடி வாசகர்: ஏலத்தில் விலை இறங்கியது நல்லதுதானே?

குறைந்த விலைக்கு மின்சாரம் தர முன்வருபவருக்கே திட்டம் கிடைக்கும் ஏலம் அது; மின்சாரம் வாங்குபவருக்கு நல்லது. 2017 பிப்ரவரியில் நடந்த முதல் மத்திய ஏலத்தில் யூனிட் 3.46 ரூபாய்; அதே ஆண்டு அக்டோபரில் 2.64. ஒன்றிரண்டு காற்றாலை வைத்திருக்கும் நம்மூர்க்காரர் இந்த ஏலத்தின் பக்கமே போக முடியாது. அது பெரிய நிறுவனங்களின் களம். அடிமட்ட விலைக்கு எடுத்த சில திட்டங்கள் நிலமும் இணைப்பும் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தாமதமாயின.

இராதாபுரம் நில உரிமையாளர்: எங்கள் பக்கத்துப் பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவை நிறுவலாம் என்கிறார்களே?

செய்யத்தக்கதே. நல்ல காற்றுள்ள இடங்களை 1990களின் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இன்றைய இயந்திரம் ஒன்றே 2, 3 மெகாவாட் தரும், கோபுரமும் நூறு மீட்டரைத் தாண்டும். இதற்கென மாநில அரசு 2024இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. சிக்கல் நிலத்தில்தான் இருக்கிறது: பெரிய இயந்திரத்துக்கு அதிக இடைவெளி வேண்டும், ஆனால் அடுத்தடுத்த பழைய காற்றாலைகள் வெவ்வேறு உரிமையாளர்களுடையவை, பட்டாவும் தனித்தனி. எனவே தனியாகக் கையெழுத்திடாமல், பக்கத்து நிலத்தாரோடு கூடிப் பேசி, குத்தகைத் தொகையையும் பாதைக்கு விடும் நிலத்தையும் ஒரே பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.