வார்டு வேலைக்கு ஆய்விதழ் எதற்கு?

மதுரையில் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கை கேட்டிருக்கிறார்: "துறை வல்லுநர்கள் சரிபார்த்து வரும் ஆய்விதழ்களைப் படி என்கிறார்கள். ஊசி போடவும் பெட்ஷீட் மாற்றவும் அதெல்லாம் எதற்கு?"

மருந்து, டிரிப்ஸ் ஏற்றக் கை ரத்தக்குழாயில் குத்தி வைக்கும் சிறு குழாயான வென்ஃப்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஆனால் அதைக் கழற்றி வேறு இடத்தில் போட்டே ஆக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவருக்கு நரம்பே கிடைக்கவில்லை, நாலு குத்து. "நல்லாத்தானத்தா இருந்துச்சு, ஏன் புடுங்குன?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் 2012இலேயே லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் செவிலியர் ஒருவர் தலைமையில் 3283 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு. மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினாலும், தேவைப்படும்போது மட்டும் மாற்றினாலும், ரத்தக்குழாய் அழற்சி இரண்டு பக்கமும் 7 சதவீதம்தான். அதற்காகப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் சிவப்பு, வீக்கம், வலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

சரிபார்ப்பு என்பது கட்டுரையை அதே துறைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் துருவிப் பார்ப்பது: எத்தனை பேரிடம் செய்தார்கள், எப்படிப் பிரித்தார்கள், கணக்கு சரியா? அதிலும் ஓட்டை விழும். காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களும் உண்டு, உஷார்.

முழுக் கட்டுரை மலைப்பாக இருந்தால், 1998 முதல் வரும் 'எவிடென்ஸ் பேஸ்டு நர்சிங்' இதழில் தொடங்குங்கள். பிற இதழ்களின் ஆய்வுகளைச் சுருக்கி, கருத்துரையும் சேர்த்துத் தருவார்கள். படித்ததும் தன்னிச்சையாக எதையும் மாற்றிவிடாதீர்கள். பிரிண்ட் எடுத்து வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டுங்கள்.