எந்த ஊர் யாருடைய கோட்டை? வேலூர்ப் பக்கம் வீடு தேடுவோருக்கு

கேள்வி: ஓய்வு பெற்றபின் சென்னையை விட்டு வேலூர்ப் பக்கம் குடிவர இருக்கிறோம். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் மூன்றும் மனதில் உள்ளன. இவற்றில் எது எந்தக் கட்சியின் கோட்டை? எங்கள் அரசியலுக்கு ஒத்துப்போகிற மக்கள் நடுவில் இருக்க ஆசை. வீடு பார்க்கும் முன் இதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கோட்டை என்று உறுதியாகச் சொல்ல இந்த வட்டாரத்தில் ஒன்றுதான் உண்டு, அது அகழியோடு வேலூர் நகர நடுவில் இருக்கிறது. மற்றதெல்லாம் கூட்டணியைப் பொறுத்தது. காட்பாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971-லிருந்து திமுகவின் துரைமுருகன் பலமுறை வென்ற தொகுதி. 2021-ல் அங்கே அவர் ஜெயித்தது 746 ஓட்டில். அதாவது அந்தத் தொகுதியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தெருவில் இறங்கினால், எதிர்வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்பது பூவா தலையாதான். 2019-ல் பணம் பிடிபட்டதால் ரத்தாகி, ஆகஸ்டில் நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில் திமுக வென்ற வித்தியாசம் 8,141. அதற்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் ஒரு பக்கம் சாய, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் மறுபக்கம் சாய்ந்தன. சின்னத்தை வைத்தும் முடிவு கட்ட முடியாது. 2021-ல் கே.வி.குப்பத்தில் இரட்டை இலையில் வென்றவர் புரட்சி பாரதம் கட்சித் தலைவர்.

முதலில் உங்கள் மூன்று ஊர்களும் யார் யாருக்குக் கீழே வருகின்றன என்று பாருங்கள். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். காட்பாடி வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது, மாவட்டமும் வேலூர், ஆனால் எம்.பி. அரக்கோணம் தொகுதிக்காரர். ஆம்பூருக்கு எம்.பி. வேலூர்க்காரர், ஆனால் 2019-ல் மாவட்டம் பிரிந்தபின் கலெக்டர் ஆபீஸ் திருப்பத்தூரில். குடியாத்தத்துக்கு மட்டும் எம்.பி., கலெக்டர் இரண்டும் வேலூர். பட்டா, முதியோர் உதவித்தொகை என்று அலைய வேண்டியிருந்தால் இந்த வரைபடம் கட்சிக் கொடியைவிட முக்கியம்.

இனி, தெருவின் சாய்வைத் தெரிந்துகொள்ளும் வழி. தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று படிவம் 20 வெளியிடப்படும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். நீங்கள் பார்த்த வீட்டின் தெரு எந்தப் பாக எண்ணில் (ஒரு பூத்துக்கு ஒரு பாகம்) வருகிறது என்பது வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் படிவம் 20-ல் தேடுங்கள். அந்த ஒரு பூத்தோடு நிற்காமல் சுற்றியுள்ள ஐந்தாறு பூத்தையும், சட்டமன்றம், மக்களவை இரண்டு தேர்தலையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் தவறு நேரும் இடங்கள் உண்டு. பூத்துகளைப் பிரிக்கும்போதும் சேர்க்கும்போதும் எண் மாறிவிடும். ஆகவே எந்த ஆண்டு முடிவோ அதே ஆண்டின் வாக்குச்சாவடிப் பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும். தபால் ஓட்டு பூத் கணக்கில் வராது. முக்கியமாக, அது பட்டியலில் பெயர் உள்ளவர்களின் கணக்கு, தெருவில் குடியிருப்பவர்களின் கணக்கு அல்ல. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றிய தோட்டப்பாளையம் பக்கம் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து தங்குவோர் ஏராளம், காட்பாடியில் வி.ஐ.டி.யைச் சுற்றி மாணவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. காகிதத்தில் ஒரு தெரு, மாடிப்படி ஏறினால் வேறு தெரு.

காகிதத்தை மூடிவிட்டு ஒரு மாலை தெருவில் நடங்கள். பஸ் நிழற்குடை, ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி இவற்றின் மேல் உள்ள கல்வெட்டுகளைப் படியுங்கள். எந்த ஆண்டு, எந்த நிதி, யார் திறந்தார் என்று எல்லாம் செதுக்கியிருக்கும். ஆட்சி மாறினாலும் வேலை தொடர்ந்த வார்டு எது, ஒரே ஐந்தாண்டில் மட்டும் காரியம் நடந்த வார்டு எது என்று அதிலேயே தெரிந்துவிடும். முன்னதைத் தேர்ந்தெடுங்கள். ஊரை ஒட்டிய கிராம ஊராட்சியில் வீடு பார்த்தால் இன்னொன்று: தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் அங்கே கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். ஓரமாக நின்று கேட்டால், ஊரில் யார் பேச்சு எடுபடுகிறது என்று அரை மணி நேரத்தில் புரியும்.

புரோக்கரிடம் மட்டும் இதைக் கேட்காதீர்கள். 'எந்தக் கட்சி ஏரியா' என்று நீங்கள் கேட்டால், 'நீங்க எந்த ஆளுங்க' என்று அவர் திருப்பிக் கேட்பார். அவர் கேட்பது சாதியை. அதற்குப் பதில் சொல்லித்தான் வீடு கிடைக்கும் என்றால், அந்த வீடு எந்தக் கட்சிக்காரருக்கும் வேண்டாம்.

ஆம்பூர் என்று முடிவானால் அரசியலுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததை 1996-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரில் அந்தப் பாதிப்பு இன்னும் பல இடங்களில் இருக்கிறது. போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் இரண்டு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 2,000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கரைந்த உப்பை அளக்கக் கடையில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர் குரோமியத்தைக் காட்டாது என்பதால் ஆய்வகத்தில் அதைத் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

வீடு அமைந்ததும் ஓட்டை மாற்ற படிவம் 8 போடுங்கள். படிவம் 6 புதிதாகச் சேருவோருக்கானது. அதைப் போட்டால் இரண்டு இடத்தில் பெயர் வந்து, பொய் உறுதிமொழி என்ற வம்பில் மாட்டலாம். அதற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் முகவரிச் சான்றாகப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். வெறும் முத்திரைத்தாள் ஒப்பந்தத்தை ஏற்கமாட்டார்கள். அது இல்லையென்றால் முதலில் ஆதாரிலோ வங்கிப் பாஸ்புக்கிலோ முகவரியை மாற்றிக்கொண்டு விண்ணப்பியுங்கள். சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்கு அழைக்கலாம்.