ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடியுங்கள், தம்பி

கேள்வி: ஐயா, நான் உப்புவெளியில் வசிக்கிறேன். ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழாமுக்குக் கிட்டார் வாசிக்கிறேன். மேஜர், மைனர், செவன்த் கோர்ட்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள், கைக்கு வந்துவிட்டன. அண்மையில் ஒரு புத்தகத்தில் சி டிமினிஷ்ட் கோர்ட்டின் படத்தைப் பார்த்துப் பழகினேன். நான்காம் தந்தியிலிருந்து மிக மெல்லிய முதலாம் தந்தி வரை 1-2-1-2 என்ற ஃபிரெட்டுகளில் (கிட்டார்க் கழுத்தின் குறுக்குக் கம்பிகளில்) பிடிப்பது. சி மேஜரில் பாடும் ஒரு பாடலில், சி கோர்ட்டிலிருந்து டி மைனருக்குப் போகும் இடத்தில் இதைச் சேர்த்தேன். அந்த இடத்தில் எல்லோரும் ஜி சுரத்தை நீட்டிப் பிடிப்பார்கள். நான் வாசித்ததும் பாடியவர்கள் தடுமாறிவிட்டார்கள். குழாமை நடத்துபவர், “பேய்ப் படத்துக்கா வாசிக்கிறீர்?” என்று கேட்டார். இந்தக் கோர்ட்டை இனிமையாக வாசிக்க வழி உண்டா? அல்லது விட்டுவிடலாமா?
– கிட்டார் பழகும் இளைஞர், திருகோணமலை

பதில்: விட்டுவிட வேண்டாம், தம்பி. சி கோர்ட்டுக்கும் டி மைனருக்கும் நடுவில் ஏதோ ஒன்று ஏறிப் போக வேண்டும் என்று உங்கள் காது கேட்டிருக்கிறது. அந்த ஆசை சரி, இடமும் சரி. கை மட்டும் ஒரு ஃபிரெட் பின்னால் நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். 1-2-1-2 என்று பிடிக்கும்போது ஒலிப்பவை ஈ ஃப்ளாட், ஏ, சி, எஃப் ஷார்ப் என்ற நான்கு சுரங்கள் (ஃப்ளாட் என்றால் அரைச் சுரம் கீழே, ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே). முதலாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் எஃப் ஷார்ப் ஒலிக்கிறது. அதே நேரத்தில் பாடகர்கள் ஜியில் நிற்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது அரைச் சுரம், அதாவது ஒரே ஒரு ஃபிரெட். பாடுகிறவர் தம் சுரத்தைப் பிடித்துக்கொள்ளக் கிட்டாரைக் கேட்பார். கிட்டார் அதற்கு உரசினாற்போல இன்னொன்றைச் சொன்னால் அவர் தடுமாறாமல் என்ன செய்வார்?

இப்போது விரல்களின் அமைப்பை மாற்றாமல் முழுக் கையையும் ஒரு ஃபிரெட் மேலே தள்ளி 2-3-2-3 என்று பிடியுங்கள். ஈ, பி ஃப்ளாட், சி ஷார்ப், ஜி. முதலாம் தந்தி பாடகர்களின் ஜியையே எடுத்துக் கொடுக்கிறது. சி ஷார்ப் டி மைனரின் அடிச்சுரமான டியைத் தொட ஏறுகிறது. ஈ எஃப்புக்கு ஏறுகிறது. பி ஃப்ளாட் ஏயில் இறங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிரெட்தான் பயணம். இதன் பெயர் சி ஷார்ப் டிமினிஷ்ட் செவன்த், சுருக்கமாக டிமினிஷ்ட். குழாமில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் இருந்தால் அவரைச் சி, சி ஷார்ப், டி என்று படியேறச் சொல்லுங்கள். ஒத்திகைக்கு முன் யாராவது ஒருவரை ஜியை மட்டும் பாடச் சொல்லி, 1-2-1-2, 2-3-2-3 இரண்டையும் மெதுவாக மீட்டிக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் தேவைப்படாது.

எந்த மெட்டுச் சுரத்துக்குக் கீழே எந்த டிமினிஷ்டை வைக்கலாம் என்பதற்கு நான் நம்பும் கணக்கு ஒன்று உண்டு. நீட்டிப் பாடும் சுரம் கோர்ட்டில் உள்ள நான்கில் ஒன்றாக இருந்தால் மிக நல்லது. நான்கில் ஏதாவது ஒன்றுக்கு முழுச் சுரம், அதாவது இரண்டு ஃபிரெட், மேலே இருந்தாலும் ஒத்துப்போகும். அரைச் சுரம் மேலே இருந்தால் கடிக்கும். சி மேஜர் பாடல்களில் அதிகம் நீளும் ஈயும் ஜியும் உங்கள் 1-2-1-2 கோர்ட்டுக்கு அரைச் சுரம் மேலேயே நிற்கின்றன. அதனால்தான் அவை நீளும் இடத்தில் அதை வைத்தால் சண்டை வருகிறது.

இந்தக் கோர்ட்டின் அமைப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவே மூன்று மூன்று ஃபிரெட் இடைவெளி. ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு அரைச் சுரங்கள் இருப்பதால் நான்கே சுரங்களில் வட்டம் மூடிவிடுகிறது. எல்லா இடைவெளியும் சமம் என்பதால் நான்கில் எதை அடிச்சுரம் என்று அழைத்தாலும் தகும். 1-2-1-2 சி டிமினிஷ்ட்டும் தான், ஈ ஃப்ளாட் டிமினிஷ்ட்டும் தான், எஃப் ஷார்ப், ஏ டிமினிஷ்ட்டும் அதுவே. மூன்று ஃபிரெட் மேலே நகர்த்தினால் அதே நான்கு சுரங்கள் இடம் மாறி வரும். புத்தகத்தில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தாலும் உலகத்தில் உள்ள டிமினிஷ்ட் செவன்த் ஒலிகள் மூன்றுதான். 0-1-0-1, 1-2-1-2, 2-3-2-3 (0 என்றால் விரல் வைக்காத திறந்த தந்தி). மூன்றும் உங்கள் கிட்டாரின் முதல் மூன்று ஃபிரெட்டுகளுக்குள்ளேயே இருக்கின்றன.

பேய்ப் படம் என்று உங்கள் குழாமை நடத்துபவர் சொன்னதற்கும் நெடிய வரலாறு இருக்கிறது. 1821-இல் பெர்லினில் அரங்கேறிய ‘டெர் ஃப்ரைஷ்யுட்ஸ்’ என்ற ஓபராவில் கார்ல் மரியா ஃபொன் வேபர், சாமியேல் என்ற தீய ஆவிக்கு ஒரு டிமினிஷ்ட் செவன்த்தைத்தான் அடையாளமாக வைத்தார். எஃப் ஷார்ப், ஏ, சி, ஈ ஃப்ளாட். நீங்கள் வாசித்த அதே நான்கு. பிறகு மௌனப் படக் காலத்தில் வில்லன் திரையில் வந்ததும் பியானோக்காரர்கள் இதையே நடுக்கி நடுக்கி வாசித்தார்கள். அந்த அச்சம் கோர்ட்டை எங்கும் போகவிடாமல் நிறுத்தி வைப்பதால் வருவது. நான்கு சுரங்களும் அரைச் சுரம் தள்ளி ஓரிடத்தில் அமரத் துடிக்கின்றன. அவற்றைப் பிடித்துவைத்தால் கேட்பவருக்குப் பதற்றம். அடுத்த கோர்ட்டுக்கு நடத்திக்கொண்டு போனால் அதே துடிப்பு இனிமையாகிவிடுகிறது. ஆகவே டிமினிஷ்டைத் தொடுமுன் அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். போய்ச்சேரும் கோர்ட்டின் அடிச்சுரத்துக்கு அரைச் சுரம் கீழே உள்ள சுரம் மூன்றில் எதில் இருக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் உங்களுக்கு வேண்டியது.

நீங்கள் கற்ற 1-2-1-2 வீணாகவில்லை. அதற்கு உரிய இடங்கள் இரண்டைச் சொல்கிறேன். பூசைப் பாடல்களில் இரண்டும் அடிக்கடி கிடைக்கும்.

முதலாவது, எஃப்பிலிருந்து சிக்குத் திரும்பும் இடம். ஆறாம் தந்தியில் 1, ஐந்தாம் தந்தியை மௌனமாக்கி, நான்காவதில் 3, மூன்றாவதில் 2, இரண்டாவதில் 1 என்று எஃப் பிடியுங்கள். முதலாம் தந்தி வேண்டாம். அடுத்து ஆறாம் தந்தியை 2-க்கு ஏற்றி, நான்காம் தந்தியை 1-க்கு இறக்குங்கள். மூன்றாம், இரண்டாம் தந்திகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இது எஃப் ஷார்ப் டிமினிஷ்ட், உங்கள் 1-2-1-2-இன் அதே நான்கு சுரங்கள். அடுத்து ஆறாம் தந்தியில் 3, நான்காவதில் 2, மூன்றாவதைத் திறந்துவிட்டு, இரண்டாவதில் அதே 1. இது ஜியைப் பேஸில், அதாவது மிகக் கீழே ஒலிக்கும் சுரமாக, வைத்த சி மேஜர். பேஸ் எஃப், எஃப் ஷார்ப், ஜி என்று ஏறுகிறது. இரண்டாம் தந்தியின் சி மூன்று கோர்ட்டுகளிலும் அசையாமல் ஒலிக்கிறது. அங்கே மெட்டு சியிலோ ஏயிலோ நின்றால் இதைவிட அழகான ஏற்றம் எனக்குத் தெரியாது. பாடலின் கடைசி வரியைத் திருப்பிப் பாடும்போது, முதல் தடவை வெறும் எஃப், சி. இரண்டாம் தடவை நடுவில் இந்தப் படி. ஆட்கள் தாமாகவே குரலை உயர்த்துவதைக் கேட்பீர்கள்.

இரண்டாவது இறக்கம். மேல் நான்கு தந்திகளில் ஈ மைனர் செவன்த்தை 2-4-3-3 என்றும், பிறகு 1-2-1-2 என்றும், பிறகு டி மைனர் செவன்த்தை 0-2-1-1 என்றும் வாசித்துப் பாருங்கள். நான்காம் தந்தியில் ஈ, ஈ ஃப்ளாட், டி. முதலாம் தந்தியில் ஜி, எஃப் ஷார்ப், எஃப். இரண்டும் சேர்ந்து வழுக்கி இறங்குகின்றன. டிமினிஷ்டிலிருந்து டி மைனருக்குப் போகையில் நடுவில் ஏயும் சியும் அப்படியே இருக்கின்றன. உங்கள் கோர்ட் டி மைனருக்கு நன்றாகவே போகும் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? மெட்டு ஜியில் நிற்காதபோது.

மைனர் பாடல்களுக்கு இன்னும் எளிதான வழி இருக்கிறது. ஏ மைனருக்கு முன் ஈ செவன்த் வாசிப்பீர்கள். அதன் மேல் நான்கு தந்திகள் 0-1-0-0. முதலாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் ஒரு விரலை வையுங்கள், 0-1-0-1. ஜி ஷார்ப் டிமினிஷ்ட் கிடைத்துவிட்டது. பிறகு 2-2-1-0 என்று ஏ மைனர். ஈ செவன்த்திலிருந்து ஈயை எடுத்து எஃப்பை வைத்தோம், அவ்வளவுதான். ஏவைச் சட்ஜமாக வைத்துப் பாருங்கள். ஜி ஷார்ப் காகலி நிஷாதம், பி சதுஸ்ருதி ரிஷபம், டி சுத்த மத்தியமம், எஃப் சுத்த தைவதம். நான்கும் கீரவாணி ராகத்தின் சுரங்கள். நிஷாதம் சட்ஜத்துக்கு ஏற, தைவதம் பஞ்சமத்தில் இறங்க, கோர்ட் தீர்ந்துபோகிறது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு டிமினிஷ்ட் அந்நியமானதே அல்ல. சரசாங்கி ராகத்திலும் இதே நான்கு இருக்கின்றன. ஆகவே மேஜர் பாடலிலும் இதை இதே முறையில் சட்ஜத்துக்கு இட்டுச்செல்லலாம். தைவதத்தை அரைச் சுரம் ஏற்றிக் கௌரிமனோகரிக்குப் போனால் பிடி 0-1-0-2 ஆகும். அது ஹாஃப் டிமினிஷ்ட், சற்று மென்மையான வேறு கோர்ட். இரண்டையும் பெயரில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு நேரம் வாசிப்பது? நான்கு தட்டுத் தாளத்தில் கடைசி ஒன்று, மிஞ்சினால் இரண்டு தட்டு. ஆறு தந்திகளையும் சேர்த்து அடிக்காமல் நான்கை மட்டும் விரலால் கிள்ளுங்கள். 1-2-1-2 பிடித்திருக்கும்போது ஆறாம் தந்தி திறந்து ஒலித்தால் ஈ வந்து ஈ ஃப்ளாட்டோடு மோதும். 2-3-2-3 பிடிக்கும்போது ஐந்தாம் தந்தியின் ஏ பி ஃப்ளாட்டோடு மோதும். ஒரு பாடலில் ஓரிடம், இரண்டிடம் போதும். கல்யாண வீட்டில் பைலா வாசிக்கும்போது இதைத் தேடிப் போகாதீர்கள். அங்கே 6/8 தாளமும் மூன்று கோர்ட்டுகளும்தான் ஆட்களை ஆடவைக்கின்றன. நடுவே டிமினிஷ்டைத் திணித்தால் கால் தடுக்கும்.

கடைசியாக ஒன்று, இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். உப்புவெளியின் கடற்காற்றில் இரும்புத் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தந்தி ஃபிரெட்டுக்கு ஃபிரெட் சுருதி விலகும்.  கோர்ட் கரகரக்கும். வாடைக்கால ஈரத்தில் மரம் உப்பி, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்து சுருங்குவதால், தந்தியின் உயரமும் மாறிக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். புதுத் தந்தி போடுவதென்றால் சனிக்கிழமை இரவில் போடாதீர்கள். அது இழுபட்டுச் சுருதியில் நிலைக்கச் சில நாட்கள் வேண்டும், புதன்கிழமையே மாற்றிவிடுங்கள்.