எழுதி வாங்கிய ராஜினாமாவும் எடுத்து வைத்த மெயில்களும்

வாசகரின் கேள்வி (சுருக்கம்): ஒரகடம் பகுதியில் உள்ள வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 19 ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இப்போது உதவி மேலாளர். மொத்தச் சம்பளம் மாதம் ஒரு லட்சம், அதில் அடிப்படைச் சம்பளம் 40,000. ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு வெளிநாட்டுக் குழுமம் நிறுவனத்தை வாங்கியது. புதிதாக வந்த பிளான்ட் ஹெட் காலைக் கூட்டத்தில் இருபது பேர் முன்னிலையில் என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டுக் கேலி செய்வார். என் மேசையை ஸ்டோர்ஸ் பக்கம் தள்ளினார்கள், வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து நீக்கினார்கள், பிறகு பி.ஐ.பி. (செயல்திறனை மேம்படுத்தக் கெடு விதிக்கும் திட்டம்) போட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலை மீட்டிங் அறைக்கு அழைத்து, போனை வெளியே வைக்கச் சொல்லி, "நீங்களே எழுதிக் கொடுத்தால் நல்ல ரிலீவிங் லெட்டர், இல்லையென்றால் டெர்மினேஷன்" என்றார்கள். அங்கேயே லேப்டாப்பில் சொந்தக் காரணத்துக்காக விலகுவதாக மெயில் அனுப்பிவிட்டேன். மறுநாள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அறுபது நாள் நோட்டீஸில் இன்னும் ஐந்து வாரம் பாக்கி. ஆதாரத்துக்காக அன்றிரவே 412 மெயில்களை என் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்தேன். தரக் குறைபாட்டை மறைத்ததற்கான அறிக்கைகளும் அவற்றில் உண்டு. மன உளைச்சலுக்கு 50 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி பிளான்ட் ஹெட்டைப் பற்றியது. அவர் நடந்துகொண்ட விதம் அநாகரிகமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அலுவலகத்தில் ஒருவரை மட்டம் தட்டுவதையோ மேசையை இடம் மாற்றுவதையோ பொதுவான ஒரு குற்றமாகவோ இழப்பீட்டுக்குரிய தவறாகவோ ஆக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் புகார்களுக்கானது. எனவே 50 லட்சம் என்ற எண்ணை இங்கேயே விட்டுவிடலாம். உங்கள் விஷயத்தில் சட்டப்படி உயிருள்ள வாக்கியம் ஒன்றுதான்: "இன்னும் ஐந்து வாரம் பாக்கி." நீங்களோ அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

பின்னொரு நாளில் நடைமுறைக்கு வரும் ராஜினாமாவை அந்த நாள் வருவதற்கு முன் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் 1978இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கிலிருந்து சொல்லிவரும் விதி. ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தொடர்பான 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பில், நிர்வாகம் ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட பிறகும், ஊழியர் பணியிலிருந்து விடுவிக்கப்படும் நாளுக்கு முன்பே திரும்பப் பெற்றதால் அது செல்லும் என்றது நீதிமன்றம். அது அரசு நிறுவனம், உங்களுடையது தனியார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். உங்கள் நியமன உத்தரவில் இதற்கு மாறாக ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தாலும் இந்த வாதத்தை வைத்துக்கொண்டு பேசுவதற்கும், "மிரட்டி எழுதி வாங்கினார்கள்" என்ற வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மிரட்டலை நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழும். அதோடு, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்லும் வற்புறுத்தல் என்பது குற்றச் செயல் ஒன்றைச் செய்வதாக மிரட்டுவது. "டெர்மினேட் செய்வோம்" என்று நிர்வாகம் சொல்வது, அது எவ்வளவு கொடூரமாகச் சொல்லப்பட்டாலும், பெரும்பாலும் அந்த வரையறைக்குள் வராது.

ஆகவே இன்றைக்கே திரும்பப் பெறும் மெயிலை அனுப்புங்கள். அதே வாசகத்தை ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். இரண்டு வாக்கியம் போதும்: "இன்ன தேதியில் நான் அனுப்பிய ராஜினாமாவை அது நடைமுறைக்கு வருவதற்கு முன் இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன், தொடர்ந்து பணியாற்றத் தயாராக இருக்கிறேன். அன்று மாலை ஐந்தரை மணிக்கு மீட்டிங் அறையில் இன்னின்னார் முன்னிலையில், டெர்மினேஷன் செய்யப்படும் என்று கூறப்பட்டதால் அந்த மெயிலை அனுப்ப நேர்ந்தது." திரும்பப் பெறக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் இரண்டாவது வாக்கியம் வேண்டும்; முதல் வாய்ப்பிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி பிற்பாடு வரும். அடைமொழி ஒன்றுகூட வேண்டாம். அனுப்பிய மறுநாள் வழக்கமான ஷிப்டுக்குப் போய் பஞ்ச் செய்யுங்கள். விடைபெறும் மெயில், லிங்க்ட்இன் பதிவு எதுவும் கூடாது. "19 ஆண்டுக்கால இனிய பயணம்" என்று ஒருவர் நாகரிகத்துக்காக எழுதிய நான்கு வரியை, மனமுவந்து விலகியதற்குச் சான்றாவணமாக வழக்கில் சேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். அது அந்த 412 மெயில்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் இருந்தவர் என்னிடம் வந்தார். நிர்வாகம் கைமாறியிருந்தது, பழைய ஆட்களை ஒவ்வொருவராகக் கழித்துக் கட்டினார்கள், அவருடைய வழக்கு உங்களுடையதைவிட வலுவானது. அவரும் கடைசி வாரத்தில் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி, அவற்றை அச்செடுத்து, வண்ண ஒட்டுச்சீட்டு வைத்து அழகாக அடுக்கிக் கொண்டு வந்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவருடைய பணி நீக்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு வரைபடத்தை எடுத்து நீட்டி, "இது உங்களிடம் எப்படி வந்தது?" என்றார். பிறகு நிறுவனத்தின் ஐ.டி. பிரிவு தந்த பட்டியலை எடுத்தார். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கோப்பு, எவ்வளவு அளவு என்று வரிவரியாக இருந்தது. அன்று முதல் வழக்கு நிறுவனம் செய்ததைப் பற்றியதாக இல்லாமல், இவர் செய்ததைப் பற்றியதாக மாறிப்போனது. இதற்கிடையில் அவர் சேர்ந்திருந்த புதிய நிறுவனத்துக்கும், ரகசியக் கோப்புகளுடன் வந்தவரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நோட்டீஸ் போனது. கடைசியில், முதல் மாதத்தில் எச்.ஆர். தருவதாகச் சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

முறைதவறிப் பெற்ற ஆவணம் என்பதற்காக நீதிமன்றம் சான்றை ஒதுக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். 1974இல் பூரண்மல் வழக்கிலிருந்து சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆவணம் ஏற்கப்படும் என்பதும், அதை எடுத்தவர் தப்பித்துவிடுவார் என்பதும் வேறு வேறு. அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாகக் காட்டினால் 66ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களுக்கு லாக்இன் இருந்ததே, அது எப்படி அனுமதியின்றி ஆகும் என்று நான் உங்களுக்காக வாதிடுவேன். ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தமும் ஐ.டி. பாலிசியும் எதிரே மேசையில் இருக்கும்; அந்த மெயில்களில் வாடிக்கையாளரான கார் நிறுவனத்தின் வரைபடம் ஒன்று இருந்தால்கூட, எதிரி ஒருவர் இருவராகிவிடுவார். இதைவிட முக்கியம், நீங்கள் இன்னும் ஊழியர். இன்றைக்கு அவர்களிடம் உங்களை நீக்கக் காரணம் இல்லாததால்தான் எழுதி வாங்கினார்கள்; அந்தக் காரணத்தை நீங்களே அன்றிரவு தயாரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெற்றதும் அவர்கள் முதலில் தேடப்போவது மெயில் சர்வரைத்தான்.

இப்போது அவற்றை அழித்துவிடலாமா என்று தோன்றும். அழிக்காதீர்கள், பட்டியல் அவர்களிடம் இருக்கும்போது நீங்கள் அழிப்பது குற்ற உணர்வின் அடையாளமாகத்தான் வாசிக்கப்படும். திறக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், வேலை தேடும் இடத்தில் பெருமைக்காகக்கூடக் காட்ட வேண்டாம். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், பி.ஐ.பி. கடிதம், மதிப்பீட்டுப் படிவம் ஆகிய உங்கள் சொந்தப் பணி சார்ந்த தாள்களைத் தனியே வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது. மற்ற ஆவணங்கள் வழக்குக்கு வேண்டுமென்றால், அவற்றைத் தாக்கல் செய்யும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட, தொழில் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. தராவிட்டால் அதை அவர்களுக்கு எதிராகவே கொள்ளலாம்.

தரக் குறைபாட்டு அறிக்கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "பணம் தராவிட்டால் இதை வாடிக்கையாளருக்கு அனுப்புவேன்" என்ற பொருள்படும் ஒரு வாக்கியம், வாட்ஸ்ஆப்பில், நண்பர் மூலமாக, கோபத்தில், எப்படி வந்தாலும், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 308ஆம் பிரிவில் மிரட்டிப் பணம் பறிப்பதாகப் புகாராகலாம். உண்மையிலேயே பிரேக் பாகம் போன்ற, உயிரைப் பாதிக்கும் குறைபாடு என்றால், அதை நிறுவனத்தின் புகார் வழிமுறைக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் கடமை. ஆனால் அந்தக் கடிதத்தில் ராஜினாமாவும் இருக்கக் கூடாது, ரூபாயும் இருக்கக் கூடாது. முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம், 2014 என்று ஒன்று இருக்கிறதே என்றால், அது பொது ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. உங்களுக்குக் குடை பிடிக்காது.

வழக்கே போட்டால் என்ன கிடைக்கும் என்பது நீங்கள் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருகிறீர்களா என்பதைப் பொறுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மேலாண்மைப் பணியில் இருப்பவரையும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரையும் விலக்குகிறது. உதவி மேலாளர் என்ற பெயர்ப்பலகை முடிவைத் தராது. நீங்களே மைக்ரோமீட்டரைப் பிடித்து அளந்து அறிக்கை எழுதுகிறீர்களா, அல்லது அப்படி அளப்பவர்களின் லீவை போர்ட்டலில் அனுமதிக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. நான்கு பேருக்கு லீவு அனுமதிப்பவர் என்றால் எனக்கு நம்பிக்கை குறைவு. 2024இல் எக்ஸ்பிரஸ் பப்ளிகேஷன்ஸ் (மதுரை) வழக்கில் ஓர் உதவிப் பொறியாளரையே தொழிலாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வரையறைக்கு வெளியே போய்விட்டால், தனியார் வேலையைத் திரும்பத் தரும்படி சிவில் நீதிமன்றம் உத்தரவிடாது. வழக்கமாகக் கிடைப்பது நோட்டீஸ் காலச் சம்பளம். அதைத்தான் இப்போதே வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே வந்தாலும், சமரச அலுவலர், தீர்ப்பாயம், அதன் பிறகு உயர் நீதிமன்றம் என்று போகும் பாதையில் உங்கள் வயதும் கூடவே போகும்.

ஆகவே என் ஆலோசனை, திரும்பப் பெறும் மெயில் போய்ச் சேர்ந்த பிறகு, சமரசம் பேசுவதுதான். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். நிறுவனத்தை வாங்கி ஒன்றரை ஆண்டே ஆன குழுமம், வெளிநாட்டுத் தலைமையிடத்துக்கு அனுப்பும் நிலுவை வழக்குப் பட்டியலில் ஒரு வரி கூடுவதை விரும்பாது. உங்களுக்குள்ள பலம் அதுதான், அதுவும் மெயில் விவகாரம் வெளிவரும் வரைதான். ஆட்குறைப்புக்கான அளவுகோல் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். 19 ஆண்டுக்கு ஒன்பதரை மாதம். தொழிலாளர் என்ற தகுதி சந்தேகமாக இருப்பதால் அதை முழுமையாகப் பெறுவது கடினம். ஆறு மாதத்துக்கு மேல் எந்த எண் வந்தாலும் நான் உங்களை ஒப்புக்கொள்ளச் சொல்வேன். பணிக்கொடை இந்தப் பேரத்தில் சேராது, அது தனி. அதை 40,000 அடிப்படையில் கணக்கிட்டால் சுமார் 4 லட்சத்து 38 ஆயிரம் வரும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் சம்பளத்துக்குத் தரும் வரையறைப்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி சம்பளத்தோடு சேர்வதால், 50,000 அடிப்படையில் 5 லட்சத்து 48 ஆயிரம் வர வேண்டும். நிறுவனம் கைமாறியபோது புதிய நியமன உத்தரவு எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா, அதில் சேர்ந்த தேதி என்று எதைக் குறித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 19 ஆண்டு ஒன்றரை ஆண்டாகச் சுருங்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒப்பந்தத்தில் தொகையைவிட எனக்கு முக்கியமான ஷரத்து ஒன்று உண்டு: உங்களிடம் உள்ள மின்னணு ஆவணங்களை நிறுவனத்தின் முன்னிலையில் ஒப்படைத்து நீக்குவதாகவும், அதுவரை நடந்தவற்றுக்காக நிறுவனம் சிவில், கிரிமினல் நடவடிக்கை எதுவும் எடுக்காது என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத காகிதத்தில், எவ்வளவு பெரிய காசோலை இணைக்கப்பட்டிருந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள். பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்கும் 'நோ டியூஸ்' படிவத்தை அதற்கு முன்னால் நீட்டுவார்கள். அதையும் அந்த ஒப்பந்தத்தோடு ஒன்றாகத்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் ஊரிலேயே தொழிலாளர் வழக்கு நடத்தும் ஒருவரைப் பாருங்கள். போகும்போது நியமன உத்தரவு, ரகசியக் காப்பு ஒப்பந்தம், ராஜினாமா மெயில், அதற்கு வந்த பதில் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். 412 மெயில்களைப் பற்றி வாயால் சொல்லுங்கள், பென் டிரைவில் கொண்டு போகாதீர்கள்.