மாஸ் எஃபெக்ட் முதல் பாகம்: சிட்டடெல்ல பேசிட்டே இருக்காங்க, தொடரலாமா விட்டுடலாமா?

கேள்வி இதுதான்: "மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன் வாங்கி முதல் பாகம் ஆரம்பித்தேன். ஒரு சண்டை முடிந்ததும் சிட்டடெல் வந்தது. அங்கே பேச்சு முடியவே மாட்டேன் என்கிறது. தொடரலாமா?"

தாராளமா தொடரலாங்க. நானும் இதுல புதுசுதான். 2007ல வந்த விண்வெளி வீடியோ கேம், சிட்டடெல்ங்கறது அதுல வர்ற பெரிய விண்வெளி நிலையம். மூணு பாகத்தையும் சேர்த்துப் புதுப்பிச்சு லெஜண்டரி எடிஷன்னு 2021ல விட்டாங்க. அதைத் தள்ளுபடி போட்டப்ப வாங்கினேன். 120 ஜிபி இடம் கேட்டுச்சு. எங்கூர் நெட்டுல அது இறங்கி முடிச்சது தனிக் கதை, அதை விடுங்க.

பல்லடம் பக்கம் எங்க வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவோட தறிக்குடோன். தறி ஓடுச்சுன்னா பக்கத்துல உக்காந்திருக்கறவங்க பேசறதே கேக்காது, வேற்றுக்கிரகத்துக்காரன் பேசறது எங்க கேக்கும்? அதனால மொத வேலையா சப்டைட்டில் போட்டேன். தமிழ் கிடையாது, இங்கிலீஷ்தான். ஆனா டூரியன், சலேரியன், குவேரியன், புரோத்தியன்னு ஆரம்பத்துலயே வந்து கொட்டற வேற்றுக்கிரக இனங்களோட பேரெல்லாம் எழுத்துல பாத்தாத்தான் மனசுல நிக்குது. உங்க வீட்டுப் பக்கம் தறி இல்லைன்னாலும் போட்டுக்கங்க.

நீங்க தாண்டி வந்த ஈடன் பிரைம் நல்லா விறுவிறுன்னு போயிருக்கும். பச்சைப் பசேல்னு ஒரு விவசாயக் கிரகம். கூட வந்த ஜென்கின்ஸ் அந்த மண்ணுல பொறந்தவன், இறங்கின கொஞ்ச நேரத்துலயே சுட்டுத் தள்ளிடறாங்க. அந்த வேகத்தோட சிட்டடெல்லுக்கு வந்தா, தூதரகம், பல இனங்களை ஆள்ற கவுன்சில், லிஃப்ட், மறுபடி தூதரகம். என் பின்னாடி கட்டில்ல உக்காந்து பாத்துட்டிருந்த அமுச்சி (பாட்டிதான்) கேட்டே கேட்டுட்டாங்க: "ஏங்கண்ணு, இத்தன நேரமா பேசிக்கிட்டே இருக்கறானுங்க, எப்பத்தான் அடிச்சுக்குவானுங்க?"

எனக்குப் பிடிபட்டது அந்தப் பேச்சுலதான். பேசறப்ப ஒரு வட்டம் வருது பாருங்க. வலப்பக்கம் மேல இருக்கறது பதமான பதில், கீழ இருக்கறது வெடுக்குனு பேசறது, இடப்பக்கம் போனா கூடுதலா விசாரிக்கலாம். வட்டத்துல இருக்கற வரியை நாம ஆடற ஷெப்பர்ட் அப்படியே சொல்றதில்லை. நாம ரெண்டு வார்த்தையைத் தட்டினா, அவரு அதை வேற மாதிரி, சில சமயம் நாம நினைச்சதை விடக் காரமா, சொல்லிட்டு வந்துடறாரு. முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறம், என்ன சொல்லித் தொலைக்கப் போறாரோன்னு காத்திருக்கறதே சுவாரசியமாயிடுச்சு. நான் ஜெனிஃபர் ஹேல் குரல்ல வர்ற பெண் ஷெப்பர்ட் எடுத்திருக்கேன், அதனால 'சொல்றாங்க'ன்னுதான் எழுதியிருக்கணும்.

இடப்பக்கக் கேள்விகளைத் தாண்டிப் போயிடாதீங்க, கதையோட சத்து முக்கால்வாசி அங்கதான் கிடக்குது. உதாரணத்துக்கு ரெக்ஸ். சி-செக்ங்கற சிட்டடெல் போலீஸ் ஆபீஸ்ல நிக்கறவரு, குரோகன் இனம், பாத்தா கூலிக்கு அடிக்கற முரடன். சோராஸ் டென் கிளப்புல அதோட முதலாளி ஃபிஸ்ட்டைப் பிடிக்கப் போறதுக்கு முன்னாடியே இவரைச் சேத்துக்கங்க. அப்புறம் நம்ம விண்கப்பல்ல, ஒவ்வொரு வேலை முடிஞ்சதும், கீழ்த்தளத்துக்குப் போய்ப் பேச்சுக் குடுங்க. ராக்னின்னு ஒரு பூச்சி இனத்தோட சண்டை போட குரோகன்களைக் கூட்டிட்டு வந்தது கவுன்சில். ஜெயிச்சதுக்கப்புறம் குரோகன்களே கலகம் பண்ணி இடத்தைப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. அதை அடக்கறதுக்கு சலேரியன்கள் ஒரு நோயை உண்டாக்க, டூரியன்கள் அதைப் பரப்பிட்டாங்க. ஜெனோஃபேஜ்னு பேரு. ஆயிரம் கருவுல ஒண்ணு தங்கினா உண்டு. இதையெல்லாம் ரெக்ஸ் அழுது சொல்றதில்லை, கணக்குச் சொல்ற மாதிரி சொல்றாரு. அதுக்கப்புறம் கவுன்சில்ல சலேரியனும் டூரியனும் ஒண்ணா நிக்கறதைப் பாத்தா வேற மாதிரி இருந்துச்சு. கூட வர்ற குவேரியன் பொண்ணு டாலிகிட்டயும் இதே மாதிரி கேளுங்க. தாங்க செஞ்ச கெத் ரோபோக்களே துரத்திவிட்டு, சொந்த கிரகம் இல்லாம கப்பல் கப்பலா சுத்தற ஜனம் அவங்க.

சண்டை? சுமார்தான். தோட்டாக் கணக்கு கிடையாது, சுட்டுக்கிட்டே இருந்தா துப்பாக்கி சூடேறி நின்னுடும், அவ்வளவுதான் பழகணும். புதுசுக்கு சோல்ஜர் வகை ஆளை எடுத்தாப் போதும். ஆனா லெவல் ஏறும்போது கிடைக்கற புள்ளியை எல்லாம் துப்பாக்கியிலயே போட்டுடாதீங்க. சார்ம் (நயமாப் பேசறது) இல்லைன்னா இன்டிமிடேட் (மிரட்டறது), ரெண்டுல ஒண்ணுல ஆரம்பத்துலயே போட்டு வைங்க. அது இல்லைன்னா பேச்சு வட்டத்துல நீல வரியும் சிவப்பு வரியும் மங்கலாக் கிடக்கும், தொடவே முடியாது. பையில 150 சாமான்தான் பிடிக்கும், தேவையில்லாததை உடைச்சு, ரிப்பேருக்கும் பூட்டுத் திறக்கவும் உதவற ஆம்னி-ஜெல் ஆக்கிடுங்க. கையால அடிக்கடி சேவ் பண்ணுங்க. கரண்ட் எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்?

மாகோன்னு ஆறு சக்கர வண்டி ஒண்ணு வரும். லோடு இறக்கின குட்டியானையை திம்பம் கொண்டை ஊசி வளைவுல வெரட்டின மாதிரி துள்ளும். பழைய ஆட்டத்துல இன்னும் மோசமாம், புதுசுல சரி பண்ணியிருக்காங்கன்னு சொல்றாங்க. எனக்கென்னவோ அந்தத் துள்ளல் பிடிச்சிருந்துச்சு. சும்மா ஊர் சுத்தற கிரகங்கள்ல தட்டையா, வெறிச்சுனு ஒரு இடம் தெரிஞ்சா மட்டும் ஜாக்கிரதை, மண்ணுக்குள்ள இருந்து பெரிய புழு கிளம்பும்.

சிட்டடெல் முடிஞ்சு கப்பல் கைக்கு வந்ததும் மூணு கிரகம் காட்டுவாங்க. முதல்ல தீரம் போங்க, லியாரான்னு ஒரு விஞ்ஞானி நம்மகூட வந்துடுவாங்க. கடைசியா போனா, இத்தனை நாளா மாட்டிக்கிட்டுக் கிடந்ததுல நம்மளையே பிரமைன்னு நினைச்சுப் பேசுவாங்களாம், அதுவும் வேடிக்கைதான். ஃபெரோஸ், நோவேரியா ரெண்டுல எது முன்னாடிங்கறது உங்க இஷ்டம். நான் இப்ப நோவேரியாவுல இருக்கேன். வெளிய பனி கொட்டுது, உள்ள கராஜுக்குப் போற அனுமதிச் சீட்டுக்காக ஒவ்வொரு ஆளாப் பாத்துப் பேசிட்டு அலையறேன்.