பாட்டும் சரக்கும்

கேள்வி: சந்தையைக் கணக்குப் போட்டுத் தயாரிக்கப்படும் வெகுஜனப் பாடல்களைக் கலை என்று சொல்லலாமா? சோப்பு, பற்பசை போல அவையும் ஒரு சரக்குதானே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: சரக்குதான், மறுப்பதற்கில்லை. ஆனால் விற்பதற்காகச் செய்யப்பட்டது என்பதாலேயே ஒரு பாட்டு கலையாகாமல் போய்விடும் என்பதை நான் ஏற்கவில்லை. இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம். குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959இல் அதைத் தொடங்கிய பெர்ரி கோர்டி, அதற்கு முன் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெறும் சட்டமாக ஒரு முனையில் நுழையும் வண்டி, பல கைகள் பட்டு மறுமுனையில் பளபளவென்று வெளியேறுவதைக் கண்ட அவர், பாடகர்களையும் அவ்வாறே உருவாக்க நினைத்தார். அதை ஒளிக்காமல் சொல்லவும் செய்தார். பாட்டெழுத ஒரு குழு, வாசிக்க ஒரு குழு, மேடையில் நிற்கவும் நடக்கவும் பழக்க ஒரு தனிப் பிரிவு என்று வேலை பிரிக்கப்பட்டது. எந்தப் பாட்டு வெளிவரலாம் என்பதைக் கூடி வாக்களித்து முடிவு செய்த கூட்டத்துக்கு, தொழிற்சாலை வழக்கப்படியே 'தரக் கட்டுப்பாடு' என்று பெயர்.

இத்தனைக்கும் நடுவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டிய அவர், தாளத்தைத் தாங்கிப் பிடித்தபடியே, பாடுபவர் மூச்சு வாங்கும் சிறு இடைவெளியில் தனக்கென ஒரு மெட்டைப் பின்னிவிட்டு, அடுத்த அடி தொடங்கும்போது உரிய இடத்துக்குத் திரும்பிவிடுவார். எந்த வாக்கெடுப்பாலும் அதை வரவழைத்திருக்க முடியாது.

கோர்டியின் கணக்கும் தப்பியதுண்டு. மோட்டவுன் பாடகர் மார்வின் கே போரையும் வன்முறையையும் பற்றிப் பாடிய பாட்டு விலைபோகாது என்று அவர் தயங்கினார். 1971இல் வெளிவந்தபோது அது அமோகமாக விற்றது. அதையொட்டி அதே ஆண்டு வந்த ஆல்பத்தின் உறையில்தான், அதுவரை பெயரின்றி வாசித்துவந்த ஜேமர்சனுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் முறையான இடம் கிடைத்தது.

என்னை உறுத்துவது இந்தப் பெயரின்மைதான். நம் திரையிசைக் கேசட்டுகளின் அட்டையிலும் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்கள் இருந்தன. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் நம்மைக் கரைய வைத்த புல்லாங்குழல் யாருடையது என்று நான் எத்தனையோ அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.