அப்பா பெயரில் உள்ள வீட்டில் என் சேமிப்பைப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 74. வேலையை விட்டுவிட்டு, நான் வளர்ந்த வீட்டுக்கே திரும்பி அவர்களோடு இருக்கப் போகிறேன். வீடு அப்பா பெயரில் இருக்கிறது. என் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதியை எடுத்து அதைப் புதுப்பிக்க நினைக்கிறேன். தம்பி தொலைவில் இருக்கிறான். சரியா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை மட்டும் தொடாதீர்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் பணம் 9 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். இன்று எடுக்கும் ஒரு பங்கு, உங்கள் 65 வயதில் நான்கு பங்காக இருந்திருக்கும்.

அப்பாவின் வீட்டில் நீங்கள் போடும் பணம், எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால், அவர் சொத்தோடு கலந்துவிடும். நாளை பாகம் பிரிக்கும்போது நீங்கள் போட்ட கூரையும் சேர்ந்தே பிரியும். ஆகவே கொத்தனாரிடம் பேசும் முன் தம்பியிடம் பேசுங்கள். என்ன வேலை, எவ்வளவு செலவு, அது கடனா, அன்பளிப்பா, பின்னால் உங்கள் பங்கோடு சேருமா என்று எழுதி, அப்பா உட்பட அனைவரும் கையெழுத்திடுங்கள். வழக்கறிஞரிடம் காட்டி அப்பாவின் உயிலிலும் சேர்க்கச் சொல்லுங்கள். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே இது முடிய வேண்டும். தடுமாற்றம் தொடங்கிய பின் போட்ட கையெழுத்து வழக்கில்தான் போய் நிற்கும்.

வீட்டை இப்போதே எழுதித் தர அவரே முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உயிலை அவர் நினைத்தால் மாற்றலாம். தானமாகக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது கடினம். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், அந்த வயதில் அவர்கள் சொந்த வீட்டிலேயே பிறர் தயவில் இருக்க நேரும்.

வீட்டைப் புதுப்பிக்கும் வேலையையும் சுருக்குங்கள். உலக அளவில் விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான். அதில் அதிகம் பலியாவது முதியவர்கள். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் கட்டிலிலிருந்து கழிவறை வரை வெளிச்சம். இவற்றுக்குச் சேமிப்பில் பாதி தேவைப்படாது. முகப்பும் சமையலறையும் காத்திருக்கட்டும்.

மருந்துக்கும் உதவியாளருக்கும் முதலில் அவர்கள் பணத்தையே செலவிடுங்கள். மகளாக உங்களுக்கு அது கசக்கும். ஆனால் அவர்கள் சேர்த்து வைத்தது இந்த நாட்களுக்காகத்தான். அது போதாதபோது நீங்களும் தம்பியும் பகிர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் சம்பளமும் ஒரு பங்குதான்; அதைத் தம்பியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ராஜினாமா செய்யும் முன் சம்பளமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடுமா என்று விசாரித்து, போகுமென்றால் உங்களுக்கென ஒரு பாலிசி எடுத்த பிறகு கடிதம் கொடுங்கள்.